ஒத்தப்பாறைப் பெட்டி சொன்னது

அருளப்பன் கதவைத் தட்டவில்லை. குடையையும் மடக்கவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட அறை நடுவில் வந்து நின்றான்.

“ராக்கம்மாகிட்ட இருந்து பெட்டியைப் பிடுங்கப் போறேன் டீச்சர். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். கேட்டுட்டுப் போக வரல.”

நிலோஃபர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள். அவன் சட்டையின் வலது கை முழுக்கச் சேறு. சேற்றுக்கு நடுவே ரத்தம்.

“யாருக்கு என்ன ஆச்சு அண்ணே?”

“பாப்பாத்திக்கு இடுப்பு போச்சு. பதினேழாம் நம்பர் காட்டுல கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தவளை ஆனை தூக்கி எறிஞ்சிருச்சு. நாலு பேர் சேர்ந்து ஜீப்புல ஏத்தி அனுப்பிட்டு நேரா இங்க வரேன். மூணு ஆனை, டீச்சர். ஒத்தப்பாறை வழியாத்தான் இறங்கியிருக்கு. ராக்கம்மா வாசலைத் தாண்டித்தான் இறங்கியிருக்கணும். ஒரு சைரன் ஊதல. ஒண்ணுகூட ஊதல.”

அவன் குடையை மூலையில் வீசினான்.

“நாப்பது பொம்பளைங்க. மூடுபனியில பத்தடிக்கு அப்பால ஒண்ணும் தெரியாது. சைரனை நம்பித்தானே இறங்கினாங்க? அவ என்ன பண்ணியிருப்பா தெரியுமா? பெட்டி ஒயரைப் புடுங்கிட்டுப் பால் காய்ச்ச கரண்ட் அடுப்பைச் செருகியிருப்பா.”

பனிக்கல் மலையில் அப்படிப் பதினொரு பெட்டிகள் இருந்தன. டிபன் டப்பா அளவுக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர், மேலே ஓர் ஆன்டெனா, பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான், கூரையில் ஒரு சைரன். அந்தத் தேயிலை எஸ்டேட்டின் பள்ளங்களுக்குள் செல்போன் எடுக்காது. யானையைப் பார்த்தவர் பொத்தானை அமுக்கினால் அந்தப் பெட்டி பக்கத்துப் பெட்டிகளுக்குச் சொல்லும். அவை தங்கள் பக்கத்துப் பெட்டிகளுக்குச் சொல்லும். நாலைந்து விநாடியில் மலை முழுக்கச் சைரன் ஊதும். எல்லாப் பெட்டிக்குள்ளும் ஓடியது ஒரே சர்வர் புரோகிராம், ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது. தலைமைப் பெட்டி என்று ஒன்று கிடையாது. ஒன்று விழுந்தால் மற்றவை சுற்றுவழியில் பேசிக்கொள்ளும்.

அதை எழுதியவள் நிலோஃபர். வயது முப்பத்து மூன்று. அருளப்பனுக்கு ஐம்பத்து மூன்று. இருபத்தாறு வருஷம் டெலிபோன் லைன்மேனாகக் கம்பம் ஏறியவன், விருப்ப ஓய்வில் மலைக்குத் திரும்பி வந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் இதே அறை வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, “இந்த எழுத்தை எனக்குச் சொல்லித் தர முடியுமா?” என்று கேட்டான். அவள் சொல்லித் தந்தாள். அவன் பிள்ளை மாதிரி உட்கார்ந்து கற்றுக்கொண்டான். மகள் வயதுப் பெண்ணை டீச்சர் என்று கூப்பிட அவனுக்கு ஒரு நாளும் கூச்சம் வந்ததில்லை.

கற்றுக்கொண்டதெல்லாம் அவனிடம் தங்கியது. கோபமும் தங்கியது. ஒரு பெட்டி பதில் சொல்லாமல் போனால் யாரோ தன் முகத்தில் துப்பிவிட்டது போல அவனுக்கு இருக்கும்.

நிலோஃபர் நாற்காலியை நகர்த்தி அவனுக்கு இடம் விட்டாள்.

“உக்காருங்க.”

“உக்கார நேரமில்ல.”

“ஒத்தப்பாறைக்கு நேர் கீழ நடுப்பாடிப் பெட்டி இருக்கு. அது காலையில என்னென்ன கேட்டுச்சுன்னு எழுதி வச்சிருக்கும். படிச்சிட்டுப் போங்க.”

“என்ன கேட்டிருக்கும்? ஒண்ணும் கேட்டிருக்காது.”

“அப்ப ஒரு நிமிஷம்தான் ஆகும்.”

அவன் உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து தட்டினான். நடுப்பாடிப் பெட்டியின் பதிவு திரையில் விழுந்தது. அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

“வாய்விட்டுப் படிங்க அண்ணே.”

“ஏழு மணி, நாற்பத்தொரு நிமிஷம், ஆறு விநாடி. ஒத்தப்பாறை. யானை.”

அதோடு நிறுத்திக்கொண்டான்.

“வரி முடியலையே.”

“செத்த பெட்டியின் பேச்சு. தள்ளு.”

“அடுத்த வரி?”

“ஏழு நாற்பத்தொன்று, பதினொரு விநாடி. ஒத்தப்பாறை. யானை. செத்த பெட்டியின் பேச்சு. தள்ளு.”

“அடுத்தது?”

“டீச்சர்.”

“படிங்க.”

அவன் படித்தான். மூன்றாவது வரியில் குரல் தடித்தது. பத்தாவது வரியில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எல்லா வரியும் ஒன்றுதான், விநாடி மட்டும்தான் மாறியது. நடுவே ஓரிடத்தில் அவசரமாக மூன்று வரிகளைத் தாண்டப் பார்த்தான். அவள் விரலை வைத்து அந்த வரிகளைக் காட்டினாள். திரும்பி வந்து அதையும் படித்தான். கடைசி வரி ஏழு நாற்பத்தைந்து, இருபது விநாடி.

“எத்தனை தடவை அமுக்கியிருக்காங்க?”

“முப்பத்தொன்று.”

“மேட்டுப்பாடிப் பெட்டி?”

அதையும் பார்த்தான். அங்கேயும் முப்பத்தொன்று. அங்கேயும் தள்ளு.

மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. நிலோஃபர் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். சாத்தும்போது அவள் கை ஒரு தடவை தவறியது. அப்போதுதான் அருளப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். இரண்டு வருஷத்தில் அவள் கோபப்பட்டு அவன் பார்த்ததில்லை.

“செத்த பெட்டி. இது என் எழுத்தில்ல அண்ணே.”

“என் எழுத்துதான்.”

“எப்ப எழுதினீங்க?”

“நீங்க ஊருக்குப் போயிருந்தீங்கல்ல, அந்தப் பத்து நாள்ல. நாலாம் நாள்.”

“என்ன எழுதினீங்க?”

எழுதிய அன்று அவனுக்கு அதில் பெருமைதான் இருந்தது.

“ஒவ்வொரு பெட்டியும் பக்கத்துப் பெட்டிகிட்ட பத்து விநாடிக்கு ஒருக்க உசிரோட இருக்கியான்னு கேக்குதில்ல? மூணு தடவை பதில் வரலேன்னா அது செத்துதுன்னு குறிச்சுக்கணும். குறிச்சதை மத்த எல்லாப் பெட்டிக்கும் சொல்லணும். அதுக்கப்புறம் அது என்ன சொன்னாலும் யாரும் காதுல வாங்கக் கூடாது. நானா விடுவிக்கிற வரைக்கும். பதினொரு வரி.”

“எத்தனை நாளா ஒத்தப்பாறை செத்துக் கிடக்கு?”

“ஆறு நாளா.”

“ராக்கம்மா அக்காகிட்ட சொன்னீங்களா?”

“சொல்லல.”

“அவங்க பெட்டியில பச்சை விளக்கு?”

“அது எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கும்.”

“அப்ப அவங்களுக்குத் தெரியாது. ஆறு நாளா பச்சை விளக்கைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்க.”

அருளப்பன் சட்டென்று எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“நான் மட்டுமா குத்தவாளி? மூணு மாசமா அந்தப் பெட்டி நினைச்சா எழுந்திருக்கும், நினைச்சா படுத்துக்கும். நேர்ல போயி சொன்னேன். ஒருக்க இல்ல, மூணு தடவை. காலையில மஸ்டர்ல பேர் கூப்பிடுற இடத்துல அத்தனை பேர் முன்னால வச்சுக் கத்தினேன். திருந்தினாளா? நீங்க என்ன சொன்னீங்க? இதுல தலைவர் கிடையாது, எல்லாரும் சமம்னு. சரி. தலையே இல்லாத இடத்துல பதில் சொல்லாதவனை யார் கேக்கிறது? நீங்கதான் சொல்லுங்களேன். அப்படிப்பட்டவனை என்னதான் செய்யறது?”

நிலோஃபர் ஆணியிலிருந்து மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். லேப்டாப்பைப் பாலித்தீன் பையில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள்.

“நடங்க” என்றாள்.

ஒத்தப்பாறை இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். வழியெல்லாம் அருளப்பன் பேசிக்கொண்டே வந்தான். டெலிபோன் இலாகாவில் ஒருவன் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் என்ன செய்வார்கள் என்று சொன்னான். இந்த மலையில் யாருக்கும் பொறுப்பு கிடையாது என்றான். தான் எழுதியது தப்பென்றால் அதை எழுத வைத்தவள் யார் என்று கேட்டான். அவள் முன்னால் நடந்தாள். ஒரே ஒரு தடவை நின்றாள்.

“நேத்து சாயங்காலமே நான் திரும்பி வந்துட்டேன். வந்ததும் பெட்டிகளை ஒருக்க பார்த்திருக்கணும். களைப்பா இருக்குன்னு படுத்துட்டேன்” என்றாள். மறுபடி நடந்தாள்.

அருளப்பன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினான்.

ஒத்தப்பாறையில் பெட்டி இருந்தது பிள்ளைக் காப்பகத்தில். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார்கள் காலையில் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். ராக்கம்மாதான் பார்த்துக்கொள்வாள். நாற்பதைத் தொட்ட வயது, ஒடிசலான தேகம்.

அவள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். கையில் கஞ்சிக் கரண்டி. இரண்டு முட்டியிலும் துணி சுற்றியிருந்தது. கெண்டைக்கால் முழுக்கத் தேயிலைக் குச்சி கிழித்த கோடுகள்.

“டீச்சர் உள்ள வாங்க. லைன்மேன் அங்கயே நிக்கட்டும்.”

“ராக்கம்மா, நான்...”

“பேசாதீங்க. கீழ ஜீப்புக்கிட்ட நின்னு என்ன சொன்னீங்க? இந்தச் சிறுக்கி ஒயரைப் புடுங்கிட்டுத் தூங்கியிருப்பான்னு சொன்னீங்களாமே. நீங்க இங்க வர்றதுக்குள்ள எனக்கு வந்துருச்சு அந்தப் பேச்சு.”

அருளப்பன் நிலோஃபரைப் பார்த்தான். அவள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் அமுக்குனேன் லைன்மேன். அந்த மூணும் தண்ணித் தொட்டிக்குப் பின்னால வந்து நின்னுச்சு. குட்டி இல்ல, மூணும் பெருசு. அமுக்குனேன். இங்க கூரையில சைரன் ஊதுது, இந்த மழையில அது கீழ்க்காடு வரைக்கும் எட்டாது. கீழ ஊதல. மேல ஊதல. மழைச் சத்தத்துல எனக்குத்தான் கேக்கலையோன்னு வெளிய ஓடிப் போய் நின்னு கேட்டேன். திரும்ப வந்து அமுக்குனேன். அமுக்கி அமுக்கி விரலு மரத்துப் போச்சு. அதுங்க இந்தச் சைரனுக்கு மிரண்டு கீழ்ப்பக்கம் திரும்பிருச்சு. கீழ பதினேழாம் நம்பர். அத்தனை பேரும் கீழ.”

கரண்டியிலிருந்து கஞ்சி அவள் காலில் சொட்டியது. அவள் கவனிக்கவில்லை.

“இங்க ஏழு பிள்ளைங்க. ரெண்டு தொட்டில்ல, அஞ்சு தரையில. கதவை வெளிய பூட்டுனேன். உள்ள வச்சுப் பூட்டிட்டு ஓடுனேன், தெரியுமா? அதுங்க அழுவுற சத்தம் வளைவு திரும்புற வரைக்கும் கேட்டுச்சு. ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கிட்டு மேல் ரோட்டுல தட்டிக்கிட்டே ஓடுனேன். ரெண்டு எடத்துல விழுந்தேன். அந்த ஆனை நடுவுல மனசு மாறி இந்தப் பக்கம் திரும்பியிருந்தா? இதுங்க அம்மாக்களுக்கு நான் என்னன்னு சொல்லியிருப்பேன்?”

கீழே பெண்கள் சொன்னது அருளப்பனுக்கு நினைவு வந்தது. மேலிருந்து யாரோ தட்டைத் தட்டிக்கொண்டு கத்தினார்களாம். அந்தச் சத்தம் கேட்டுத்தான் எல்லோரும் ஓடினார்களாம். கூடைக் கயிறு செடியில் சிக்கி நின்றுபோனவள் பாப்பாத்தி ஒருத்திதான். யார் தட்டினார்கள் என்று அவன் கேட்கவில்லை.

“நீ அமுக்கினது மத்த பெட்டிகளுக்கு வந்துச்சு” என்றான் மெதுவாக.

“வந்துச்சா? வந்துமா ஊதல?”

“ஒத்தப்பாறை பேச்சைக் கேக்க வேணாம்னு நான்தான் எழுதி வச்சிருந்தேன்.”

ராக்கம்மா கரண்டியைத் தாழ்த்தினாள்.

“எங்க ஊர்ல எங்கப்பனோட யாரும் பேசக் கூடாது, நெருப்பு தரக் கூடாது, தண்ணி தரக் கூடாதுன்னு தண்டோரா போட்டாங்க. அதுல கைப்பிள்ளை ஒண்ணைப் பறிகுடுத்துட்டு எங்கம்மா இந்த மலைக்கு ஏறி வந்தா. அப்பவாச்சும் தெருவுல நின்னு தண்டோரா போட்டான். எங்கப்பன் காதுல விழுந்துச்சு. நீங்க மெஷினுக்குள்ள போட்டிருக்கீங்க.”

அவனுக்கு முகம் எரிந்தது. அவமானம்தான். ஆனால் அது வெளியே வரும்போது மறுபடியும் கோபமாகவே வந்தது.

“நான் செஞ்சது தப்பு. இல்லேன்னு சொல்லல. ஆனா பெட்டி நின்னு நின்னு போனது நெசந்தானே? நூறு தடவை நின்னிருக்கு. அதை யார் நிறுத்தினது? ஆனையா வந்து நிறுத்துச்சு?”

ராக்கம்மா கரண்டியை ஓங்கினாள். நிலோஃபர் நடுவே வந்தாள்.

“அண்ணே, உள்ள வாங்க. அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல உக்காருங்க.”

“உக்காந்து?”

“சும்மா உக்காருங்க.”

“எவ்வளவு நேரம்?”

அவள் குழந்தைகள் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

அவன் சுவரோரம் தரையில் உட்கார்ந்தான். பெட்டி அவன் தலைக்கு மேலே பலகையில் இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்து ஸ்விட்ச் போர்டில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில் பெட்டியின் ஒயர். ஒயரைச் சுற்றிப் பழைய துணி கட்டி, துணிக்கு மேல் ஒரு ரப்பர் பேண்டு போட்டிருந்தது, குழந்தைகள் இழுத்துவிடாமல் இருக்க. அடுப்பு அறையின் மறுகோடியில் இருந்தது. விறகு அடுப்பு. அதில்தான் கஞ்சி கொதித்தது.

அவன் அந்த அடுப்பைப் பார்த்தான். பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

பன்னிரண்டு மணிக்கு ராக்கம்மா குழந்தைகளுக்குக் கஞ்சி ஊட்டினாள். நிலோஃபருக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள். அருளப்பனுக்குக் கொடுக்கவில்லை. ஒரு மணிக்கு மழை விட்டது. கீழே இருபதாம் நம்பர் காட்டில் ஆட்கள் இறங்கும் சத்தம் கேட்டது. பதினேழாம் நம்பரில் ரத்தம் காயும் முன்னே அதே பெண்களை அடுத்த காட்டுக்கு மாற்றி வேலைக்கு இறக்கிவிட்டார்கள். அதைக் கேட்டு ராக்கம்மா சுவரைப் பார்த்து நாலு கெட்ட வார்த்தை சொன்னாள். அருளப்பனும் அதே நாலு வார்த்தையை மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

இரண்டு மணிக்கு அவன் கால் மரத்துப்போனது. தவழ்கிற குழந்தை ஒன்று வந்து அவன் மடியில் ஏறி, சட்டைக் கையில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டியது. ராக்கம்மா வந்து, ஒன்றும் சொல்லாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மூன்று மணிக்குக் கீழே ஃபேக்டரியில் சங்கு ஊதியது. முந்தின நாள் எடுத்த கொழுந்தைக் காயவைக்கப் பெரிய டிரையரை ஓட்டும் நேரம்.

அறையில் இருந்த பல்பு மங்கியது. கம்பி மட்டும் சிவப்பாகத் தெரியும் அளவுக்கு இறங்கியது.

பச்சை விளக்கு அணைந்தது.

அருளப்பன் நிமிர்ந்து பார்த்தான். ராக்கம்மா அறையின் அந்தக் கோடியில், பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. அவளுக்கு அது தினமும் நடப்பதுதான்.

நாற்பது விநாடி. பல்பு மெல்ல நிறம் மாறியது. பெட்டி செருமுவது போல ஒரு சத்தம் போட்டது. பச்சை விளக்கு மறுபடி வந்தது.

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். மின்கம்பியைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனான். ஃபேக்டரியிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு குடியிருப்புப் பாடியாகக் கிளை பிரிந்து, வளைவு வளைவாக ஏறி, இந்தக் கூரையில் வந்து முடிந்தது. இதற்கப்பால் கம்பமே இல்லை. கீழே டிரையர் ஓடினால் கடைசி வீட்டில் கரண்ட் எவ்வளவு இறங்கும் என்று இருபத்தாறு வருஷம் கம்பம் ஏறியவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

“பேட்டரி இருக்கணுமே. கரண்ட் இறங்கினா பேட்டரி தாங்கணுமே” என்றான், யாரிடமோ சொல்வது போல.

திரும்பி வந்து பெட்டியின் மூடியைத் திறந்தான். பேட்டரி பூரி மாதிரி உப்பி, பக்கவாட்டில் வெடித்திருந்தது.

“வைகாசியில சொன்னேன். பேட்டரி வீங்கியிருக்குன்னு” என்றாள் ராக்கம்மா தொட்டில் பக்கத்திலிருந்து. “ஆடியில சொன்னேன். அன்னைக்கு மஸ்டர்ல நீங்க கத்தும்போதும் சொன்னேன். உங்க சத்தத்துல உங்களுக்கு எங்க கேட்டுச்சு?”

அவள் சொன்னது அவனுக்கு நினைவிருந்தது. தான் திருப்பிச் சொன்னதும் நினைவிருந்தது. உங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சாக்கு என்று சொல்லியிருந்தான். அதைக் கேட்டு நாலு பேர் சிரித்தார்கள்.

அருளப்பன் பாலித்தீன் பையைப் பிரித்தான். லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்துத் தரையில் வைத்துக்கொண்டான். தான் எழுதிய பதினொரு வரியைத் தேடி எடுத்தான். ஒவ்வொன்றாக அழித்தான். மொத்தமாகவே அழித்திருக்கலாம். ஒவ்வொன்றாகத்தான் அழித்தான். மற்ற பத்துப் பெட்டிகளுக்கும் புதுப் புரோகிராமை அனுப்பினான். ஒவ்வொன்றும் வாங்கிக்கொண்டதாகப் பதில் சொல்லும் வரை காத்திருந்தான். மேட்டுப்பாடி மூன்று தடவை பதில் சொல்லவில்லை. நாலாவது தடவை கூப்பிட்டான். ஐந்தாவதில் பதில் வந்தது.

“நாளைக்குக் காலையில புதுப் பேட்டரியோட வரேன்” என்றான். பிறகு, “என்னை மன்னிச்சிரு ராக்கம்மா” என்றான்.

“என்கிட்ட எதுக்கு? இடுப்பு உடைஞ்சு கிடக்கிறவ பாப்பாத்தி. அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. உங்க எழுத்துல சொல்ல வேணாம். வாயால சொல்லுங்க.”

“சொல்றேன்.”

“இப்ப நான் பேசினா மத்ததுங்க கேக்குமா?”

“கேக்கும்.”

“நெசமா?”

“எல்லாத்துக்கிட்டயும் சொல்லிட்டேன். கேக்கும்.”

ராக்கம்மா தொட்டில் கயிற்றை விட்டாள். நேராகப் பெட்டிக்கு வந்தாள். அருளப்பன் கையை நீட்டித் தடுப்பதற்குள் சிவப்புப் பொத்தானில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

கூரையில் சைரன் ஊதியது. ஒரு விநாடிதான். கீழே நடுப்பாடியில் ஊதியது. மேட்டுப்பாடியில் ஊதியது. அதற்கப்பால், அதற்கப்பால், மூடுபனிக்குள் கண்ணுக்குத் தெரியாத இடங்களிலிருந்தெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக எழுந்தது. தரையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் வீறிட்டன. இருபதாம் நம்பர் காட்டில் பெண்கள் கத்தினார்கள். கூடைகள் விழும் சத்தமும் நூறு கால்கள் ஈர மண்ணில் ஓடும் சத்தமும் மேலே வரைக்கும் கேட்டன.

ராக்கம்மா பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் நின்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கோபம் மட்டும் அந்த முகத்தில் அப்படியே இருந்தது.

“ஏய், விடு! விடு கையை!” அருளப்பன் வாசலுக்கு ஓடினான். திரும்பி வந்தான். “கொழுந்தைப் போட்டுட்டு ஓடுறாங்க. காலையில ஆனையைப் பார்த்தவங்க அத்தனை பேரும். டீச்சர், பார்த்தீங்களா? இதைத்தான் நான் கேட்டேன். பெட்டி பதில் சொல்லாட்டி சரி, கரண்ட் இல்ல, பேட்டரி இல்ல, ஒத்துக்கிறேன். பொய் சொன்னா? இப்ப ஆனை எங்க இருக்கு? ஒண்ணும் இல்லாததுக்கு மலையே கிடந்து ஓடுது! இதுக்கு என்ன சொல்றீங்க?”

நிலோஃபர் அழுகிற குழந்தை ஒன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். மேல் ரோட்டில் பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். இன்னொருத்தி அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

“ஆமாண்ணே, சும்மாதான் ஓடுறாங்க” என்றாள். “காலையில மாதிரி இல்ல, இப்ப ஓடினவங்க எல்லாரும் திரும்பி வருவாங்க.”